அம்மாவின் இருமலும் நாலரை அங்குலச் சுவரும்

குரோம்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. 1996இல் கட்டிய அடுக்குமாடி. அம்மா படுக்கும் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நிற்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர். அதை ஒட்டி அம்மாவின் கட்டில், கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சேர்த்து அடித்த பிளைவுட் அலமாரி. எதிர்ப்பக்கம் வெளிச்சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. நான் எழுதப்போவது முழுக்க இந்த இரண்டு சுவர்களைப் பற்றித்தான்.

2021 நவம்பரில் சென்னை முழுக்க வெள்ளம் நின்ற மழையில்தான் முதல் தடவையாகக் குளியலறைச் சுவரின் அடியில் பெயிண்ட் பொரிந்து வந்தது. "ஓதம் ஏறுது சார், டேம்ப் ப்ரூஃப் அடிச்சா நின்னுடும்" என்றார் பெயிண்டர். அடித்தோம். அடுத்த மழைக்கு மறுபடி பொரிந்தது. 2022 தீபாவளிக்கு இரண்டாவது முறை, 2023 ஆடியில் மூன்றாவது முறை. ஓதம் என்பது நிலத்து ஈரம் அஸ்திவாரம் வழியாகச் சுவரில் ஏறுவது. முதல் மாடிச் சுவருக்கு, தரைத்தளத்தைத் தொடாமல், நிலத்து ஈரம் எப்படி வரும்? இந்தக் கேள்வியை நான் மூன்று வருடமும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்கு ஒன்றரை வருட இருமல் மிச்சமாகியிருக்கும்.

அம்மாவுக்கு வயது 67. பத்து வருடமாக ஆஸ்துமா உண்டு, மழைக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் எடுப்பார். 2023 தொடக்கத்திலிருந்து அது வருடம் முழுக்க ஆனது. இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவார். விடிந்து முகம் கழுவி, ஹாலுக்கு வந்து காபி குடித்த பிறகு கொஞ்சம் அடங்கும். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் அந்த ஒரே அறையில் கிடந்தோம். நான்காம் நாள் அம்மாவுக்கு மூச்சு விடவே சிரமமாகி, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. உறவினர் ஒருவர் டி.பி.யாக இருக்கும் என்று பயமுறுத்தினார். சளிப் பரிசோதனை செய்து பார்த்தோம், இல்லை.

2024 பொங்கலுக்கு அம்மா தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தார். அங்கே போன நான்காம் நாளிலிருந்து இரவு இருமல் இல்லை. திரும்பி வந்த இரண்டாவது ராத்திரியே தொடங்கிவிட்டது. நுரையீரல் மருத்துவரிடம் இதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மா படுக்கிற ரூம்ல சுவர் ஈரமா இருக்கா? மக்கின வாடை வருதா?"

வாடை இருந்தது. நாங்கள் அந்த வாடைக்குப் பழகிப்போயிருந்தோம்.

பீரோவை நகர்த்திய நாள்

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. முதலில் அலமாரியில் இருந்த துணிகளை எடுத்தேன். அடித்தட்டின் பின்பலகை தொட்டாலே உதிர்ந்தது. பலகைக்குப் பின்னால், சுவரில், சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூன்றடி அகலம், இரண்டடி உயரத்துக்குப் படர்ந்திருந்தன. அப்புறம் பீரோவை நகர்த்தினோம். அங்கே வேறு மாதிரி: பச்சையும் சாம்பலுமாக, மாவு தூவியதுபோல, பீரோவின் நிழல் அளவுக்கே மெல்லிய படலம்.

குளியலறைச் சுவரின் அடியில் வெள்ளையாகவும் ஏதோ பூத்திருந்தது. அதையும் பூசணம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பு என்றால் கரைந்து மறையும், விரலில் நறநறவென்று இருக்கும். பூஞ்சை கரையாது, துடைத்தால் இழுகும். வெள்ளையாக இருந்தது உப்பு. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, காய்ந்ததும் சுவர் முகத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அது நுரையீரலுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் உப்பு பூத்த இடம், தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்பதற்குச் சாட்சி.

சந்தேகம் தீர இன்னொரு சோதனை. கனமான பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு, குளியலறைச் சுவரில் ஒன்று, பீரோ நின்ற வெளிச்சுவரில் ஒன்று என ஒட்டினேன். இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. குளியலறைச் சுவரில் மறுநாள் காலையிலேயே உள்பக்கம் முத்து முத்தாக நின்றது. வெளிச்சுவரில் இரண்டு நாளும் உள்பக்கம் உலர்ந்தே இருந்தது. இரண்டு சுவரிலும் பூஞ்சை, ஆனால் காரணம் ஒன்று இல்லை என்று அன்றுதான் புரிந்தது. இருபது ரூபாய் பிளாஸ்டிக் தாளுக்கு இது தெரிந்தது. மூன்று முறை பெயிண்ட் அடித்தவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அது எந்தப் பூஞ்சை என்ற கேள்வி

எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் கொரோனா சமயத்துல வந்த கருப்புப் பூஞ்சையா?" என்று பதறினார். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள், வந்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவித்தது மியூகோர்மைகோசிஸ். கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து, கொரோனா மூன்றும் சேர்ந்த உடல்களை அது தாக்கியது. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு வகைகள். நிறத்தை வைத்து ஒரு பூஞ்சை ஆபத்தானதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

நச்சுக் கறுப்புப் பூஞ்சை என்று இணையத்தில் பயமுறுத்துவார்களே, அது ஸ்டாக்கிபாட்ரிஸ். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1993, 94இல் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது பழி அதன் மேல் விழுந்தது. அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மறு ஆய்வு செய்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000இல் அறிவித்தது. அது நனைந்த காகிதம், ஜிப்சம் பலகை போன்றவற்றை விரும்பும் வகை. எங்கள் வீட்டில் இருந்தது என்ன வகை என்று நான் பரிசோதிக்கவில்லை. பூஞ்சை எந்த வகையானாலும் அகற்ற வேண்டும், ஈரத்தை நிறுத்த வேண்டும். பரிசோதனைக்கு ஆகும் பணத்தை அந்த வேலைக்கே செலவிடலாம்.

வகை தெரியாவிட்டாலும் பாதிப்பு உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, மூச்சுத்திணறல், ஆஸ்துமா புதிதாக வருவது, இருக்கும் ஆஸ்துமா முற்றுவது, சுவாசத் தொற்று ஆகியவை கூடுதல் என்பதற்குப் போதிய சான்று இருப்பதாகச் சொல்கிறது. காற்றில் இத்தனை வித்து (பூஞ்சை பரவ உதிர்க்கும் நுண்துகள்) வரை பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவை அது தரவில்லை. ஈரம் நிலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் அறிவுரை. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு, மூன்று பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் வடிகட்டப்படாமல் நுரையீரலின் நுனிவரை போய்விடும். ஆரோக்கியமானவர் உடம்பு அதை ஓசையில்லாமல் அழித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, வயதானவர், புற்றுநோய் மருந்தில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் நிலை வேறு. அதனால்தான் ஒரே அறையில் படுத்த எனக்கு ஒன்றும் ஆகாமல், அம்மாவுக்கு மட்டும் மூச்சு முட்டியது. "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்று நான் அவரிடம் சொன்னது இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆஸ்துமாக்காரர்கள் சிலரின் மூச்சுக்குழாய்ச் சளியில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறி, உடம்பு அதற்கு மிகையாக ஒவ்வாமை காட்டி, காலப்போக்கில் மூச்சுக்குழாயையே விரிவடையச் செய்துவிடும் ஏ.பி.பி.ஏ. (ABPA) என்ற நோய் ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் பார்க்க டி.பி. போலத் தெரிவதால், நம் நாட்டில் பலர் மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்ட பிறகே இது கண்டுபிடிக்கப்படுகிறது. அம்மாவுக்கு அது இல்லை. பூஞ்சை ஒவ்வாமையால் முற்றிய ஆஸ்துமா என்றார். உங்கள் வீட்டில் ஆஸ்துமா இருப்பவருக்கு டி.பி. என்று சொல்லி, சளியில் கிருமி தெரியாமலே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து?

பிளம்பர் வந்து குளியலறைக் குழாய்களை மூடி, கை பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டரை ஒரு மணி நேரம் பார்த்தார். முள் அசையவில்லை. சுவருக்குள் போகும் குழாயில் கசிவு இல்லை. அடுத்தது தரை. தரைத் தண்ணீர் வெளியேறும் துளையான நானி டிராப்பைத் துணி வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்தில் அகலமான ஒரு தட்டிலும் தண்ணீர் வைத்தேன். காற்றில் உலர்வது எவ்வளவு, தரைக்குள் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இது உதவும். 24 மணி நேரம் கழித்துத் தட்டில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தரையில் பதினொன்று.

பழைய அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் மற்ற தளத்தைவிட ஓர் அடி தாழ்வாக இருக்கும். கொத்தனார்கள் சங்கன் என்பார்கள். அதற்குள் குழாய்களைப் போட்டு, உடைந்த செங்கல்லை நிரப்பி, மேலே டைல்ஸ் பதித்துவிடுவார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் டைல்ஸ் இடைவெளிப் பூச்சு விட்டுப்போனால், குளிக்கும் தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் செங்கல்லுக்குள் இறங்கித் தேங்கும். ஒரு தொட்டி மாதிரி. அந்தத் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது எங்கள் நாலரை அங்குலச் சுவர். திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை மேலே இழுத்தது. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் சுவர் உலர முடியாமல் பொரிந்தது. அதனால்தான் மழையைக் காரணம் என்று நினைத்தோம். கீழ் வீட்டு அண்ணன் தன் குளியலறைக் கூரையில் கறை இருப்பதாக ஒரு வருடம் முன்பே சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கொத்தனார் தரை டைல்ஸ் முழுவதையும், சுவரில் அடி வரிசையையும் பெயர்த்தார். செங்கல் நிரப்பை வெளியே எடுத்தபோது அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலி செய்து பத்து நாள் திறந்தே போட்டோம். அப்புறம் மூலைகளைக் கலவையால் வளைத்துக் கட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை இரண்டு முறை, ஒன்று குறுக்கே ஒன்று நெடுக்கே, தரை முழுக்கவும் சுவரில் ஓர் அடி உயரத்துக்கும் அடித்தார். நானி டிராப்பைச் சுற்றி வலைத்துணி வைத்துப் பூசினார். மேல் டைல்ஸ் போடும் முன் மறுபடி இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். இந்த இரண்டு நாளை எவ்வளவு அவசரமானாலும் விடக்கூடாது. "எதுக்கு சார் வீணா, நாளைக்கே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். நல்லவேளை, முதல் தடவை மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியது. டிராப்பின் கழுத்தில் ஊசிமுனை விரிசல். அடைத்துவிட்டு மறுபடி தண்ணீர் கட்டியபோது தட்டிலும் தரையிலும் ஒரே அளவு குறைந்தது. இடைவெளிகளை எபாக்ஸி கொண்டு அடைத்தோம். எல்லாம் சேர்ந்து 34 ஆயிரம் ரூபாய் ஆனது. மூன்று முறை அடித்த பெயிண்டுக்கு அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போயிருந்தது.

சுவரைக் கொத்திய அன்று

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பத்துச் சதுர அடிக்குள் இருக்கும் பூஞ்சையை வீட்டுக்காரரே அகற்றலாம் என்கிறது. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு மூன்றடி. எங்கள் குளியலறைச் சுவரில் இருந்தது ஆறு சதுர அடி. நானே செய்தேன். ஆனால் ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருக்கும்போது செய்யவே கூடாது. அம்மாவையும் மகளையும் ஒரு வாரத்துக்கு மாமா வீட்டுக்கு அனுப்பினேன்.

2023இல் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். அப்போது பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரில் அடித்தேன். கறுப்பு வெளுத்தது. போய்விட்டது என்று நினைத்தேன். பிளீச் நுண்துளை உள்ள சுவருக்குள் இறங்காது. அதில் இருக்கும் தண்ணீர்தான் உள்ளே போகும். போதாததற்கு, மிச்சமிருந்த கரைசல் வாளியில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றிக் கழுவினேன். ஒரு நொடியில் மூக்கையும் கண்ணையும் எரித்துக்கொண்டு வாயு கிளம்பியது. குளோரின். கதவு திறந்திருந்ததால் தப்பித்தேன். பிளீச்சோடு ஆசிட்டையோ, அம்மோனியா உள்ள கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். சிறிய குளியலறையில் இது உயிரைப் பறிக்கும்.

இந்த முறை பிளீச் இல்லை. அறைக் கதவின் விளிம்புகளைப் பிளாஸ்டிக்கால் மூடி டேப் ஒட்டினேன். ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, வெளி ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து ஓடவிட்டேன். என்95 முகக்கவசம், காற்றுத்துளை இல்லாத கண்ணாடி, ரப்பர் கையுறை. துணி மாஸ்க் போதாது. சுவரை முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்தேன். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் வித்துகள் புகைபோல எழும்பும். துடைப்பத்தால் பெருக்குவதும் அதே ஆபத்துதான். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, துணியை அப்படியே பைக்குள் போட்டேன். பூஞ்சை செத்தாலும் ஒவ்வாமை தருவது நிற்காது, அதனால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். அப்புறம் பூச்சு. ஈரக் கோட்டுக்கு ஓர் அடி மேலே வரை கொத்தி எடுத்தேன், செங்கல் தெரியும்வரை. அலமாரியின் பிளைவுட் முழுவதும் போனது. இரட்டைப் பையில் கட்டி, அறை ஜன்னல் வழியாகவே கயிற்றில் இறக்கினேன். வீட்டுக்குள் கொண்டுபோனால் வழியெல்லாம் உதிரும்.

துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து மொட்டை மாடியில் காயவைத்தோம். பட்டுப் புடவைகளை மாடியில் நிழலில் உதறி, சலவைக்காரரிடம் டிரை கிளீனிங் கொடுத்தோம்.

கடினமாக இருந்தது மெத்தைதான். அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை. 1979இல் அவர் கல்யாணத்துக்குப் பாட்டி கொல்லையில் நின்ற இலவ மரத்துப் பஞ்சைச் சேர்த்துவைத்துத் தைக்கக் கொடுத்தது. இரண்டு முறை பஞ்சை அடித்து மறுபடி தைத்திருக்கிறோம். அதன் அடிப்பக்கம், சுவரோரம், புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. "வெயில்ல போட்டா போயிடும்டா, எத்தனை வருஷம் அப்படித்தான போட்டோம்" என்றார் அம்மா. வெயில் ஈரத்தை எடுக்கும், பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும். பஞ்சுக்குள் ஊடுருவிய வித்தையும் துகளையும் அது வெளியே எடுக்காது. துவைக்க முடியாத பஞ்சின் மேல் தினமும் எட்டு மணி நேரம் மூக்கை வைத்துப் படுப்பவர் அவர். நான் வாதாடவில்லை. மருத்துவரிடமே கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டுவிட்டு வந்து, மேலுறையை மட்டும் பிரித்துக் கொடு என்றார். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கெட்டித் துணி. அதைக் கொதிக்கவைத்து, மூன்று நாள் வெயிலில் போட்டுக் கொடுத்தேன். பஞ்சு போகிற அன்று அவர் மாடிக்கு வரவில்லை.

காத்திருப்பு

கொத்திய சுவரை உடனே பூசிவிட எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நனைந்த செங்கல் சுவர் உலர ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய கட்டடக் கணக்கு உண்டு. எங்களுடையது நாலரை அங்குலம், அதிலும் ஒரு பக்கம் டைல்ஸ் இருப்பதால் மறுபக்கமாக மட்டுமே உலர முடியும். மார்ச்சிலிருந்து செங்கல் தெரிய அப்படியே விட்டோம். அம்மா ஹாலில் படுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவேன், திங்கள் கழித்துச் செவ்வாய் பிரிப்பேன். மார்ச் முழுக்க வியர்வை. ஏப்ரல் நடுவில் வெறும் மங்கல். கத்திரி வெயில் முடிந்த வாரம், மே கடைசியில், தாள் உலர்ந்து வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்குப் பிறகுதான் பூச்சு. பட்டி வைக்கவில்லை. பூச்சு காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது, சுவருக்குள் இருக்கும் மிச்ச ஈரமும் அதன் வழியே வெளியேறும். பிளாஸ்டிக் போல மூடும் பெயிண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். எங்கள் ஊரில் மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். அப்போது ஏன் என்று இந்தச் சுவரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

பீரோச் சுவர்

வெளிச்சுவரில் கசிவு இல்லையே, பின் எப்படிப் பூஞ்சை? ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வைத்தேன். பாட்டியோடு படுக்கும் என் மகள் ஏசியை 20இல் வைத்துத் தூங்குவாள். காலை ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தி, "காத்து வரட்டும்" என்று ஜன்னலைத் திறப்போம். சென்னைக் காற்றில் பல மாதங்கள் எவ்வளவு ஈரம் என்றால், 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகிவிடும். இரவெல்லாம் குளிர்ந்த சுவரோ 22 டிகிரியில் நிற்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல அந்தச் சுவர் தினமும் காலையில் வியர்த்தது. திறந்த சுவர் ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். பீரோவுக்குப் பின்னால் காற்றே போகாது. அங்கே காயாத ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டது. நனைந்த பொருளில் பூஞ்சை தொடங்க ஒன்றிரண்டு நாளே போதும்.

இதற்குக் கொத்தனார் தேவைப்படவில்லை. பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளினோம். ஏசி இப்போது 26, கூடவே ஃபேன். காலையில் ஏசியை நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் ஃபேன் மட்டும் ஓடும், சுவர் சூடானதும் ஜன்னல் திறக்கும். ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்தவர் உள்ளே சுழலும் உருளையைக் காட்டினார். இறக்கைக்கு இறக்கை கறுப்பு. அந்தக் காற்றைத்தான் குழந்தை மேல் ஊதவிட்டுக்கொண்டிருந்தோம்.

தஞ்சாவூர் அக்கா வீட்டில் கோடைக்கு ஏர் கூலர் ஓடும். அவரையும் எச்சரித்தேன். இந்தியா முழுவதும் 1,084 பேரின் நுரையீரல் திசு நோய்களை ஆராய்ந்து 2017இல் வெளியான பதிவேட்டு ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது மூச்சில் போகும் துகள்களுக்கு நுரையீரல் மிகையாக எதிர்வினை காட்டும் அழற்சி. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர் கூலர் புழங்கியவர்கள். கூலரின் நனைந்த புல் பட்டையைவிடப் பூஞ்சைக்கு வசதியான இடம் வேறில்லை. வருடா வருடம் பட்டையை மாற்றுங்கள், தொட்டித் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள், நிறுத்தும் முன் தண்ணீரை மூடி வெறும் காற்றில் உலரவிடுங்கள் என்றேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

எனக்குச் சொந்த வீடு, அதனால் தரையைப் பெயர்க்க முடிந்தது. என் நண்பன் வாடகை வீட்டில் இருக்கிறான். சுவர் கறுத்திருக்கிறது என்று சொன்னால், "ஜன்னலைத் திறந்து வையுங்க, துணியை உள்ளே காயப்போடாதீங்க" என்பதே உரிமையாளரின் ஒரே பதில். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு குடும்பத்தின் மேலும் இப்படித்தான், அவர்கள் வாழும் விதமே காரணம் என்று பழி விழுந்தது. அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். சமூக வீடுகளில் புகார் வந்தால் குறித்த கெடுவுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று அந்தக் குழந்தையின் பெயரில் அங்கே சட்டமே வந்தது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நண்பனிடம் பிளாஸ்டிக் தாள் சோதனையைச் சொல்லிக்கொடுத்து, உள்பக்கம் வியர்த்ததைத் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பச் சொன்னேன். ஜன்னல் திறக்காததால் வந்த ஈரம் இல்லை, உங்கள் குழாயோ தரையோ கசிகிறது என்று காட்ட அதைவிட நேரான வழி தெரியவில்லை. அவருடைய பிளம்பர் அடுத்த வாரம் வந்தார்.

நவம்பர் 30

அம்மா ஜூலையில் தன் அறைக்குத் திரும்பினார். மருத்துவர் இன்ஹேலரை நிறுத்தவில்லை, மருந்தையும் மாற்றியிருந்தார். அதனால் இருமல் குறைந்ததில் சுவரின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். இரவில் எழுந்து உட்காருவது ஏறக்குறைய நின்றது. ஆகஸ்ட்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. நோட்டில் குறித்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. முந்தின நாளே இரண்டு சுவரிலும் தாள் ஒட்டிவிட்டேன். மழை கொட்டித் தீர்த்தது. அறை ஈரப்பதம் 88 காட்டியது. டிசம்பர் 1 காலையில் அம்மாவே வந்து நின்று, "பிரிச்சுக் காட்டு" என்றார். குளியலறைச் சுவரின் தாள் உள்பக்கம் காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. அம்மா கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பீரோச் சுவரும் சுத்தம். ஆனால் ஜன்னலுக்கு மேலே, மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை புதிதாகத் தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் முடி அளவு விரிசல். பென்சிலால் கறையைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். கொத்தனார் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.